‘அவன் மறுபடியும் ஏறினான்ல’ என்கிறான் என் தம்பி

கேள்வி:

டாக்டர், என் தம்பிக்கு 23 வயது. பத்தாவது படிக்கும்போதே கபடியில் இறங்கியவன். ஊர் டீம், கல்லூரி டீம், மாவட்ட டீம் என்று ஆடினான். ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் போலீஸ் வேலை கிடைத்துவிடும் என்று வீட்டில் எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தோம். எட்டு மாதத்துக்கு முன்பு ஒரு மின்னொளி கபடிப் போட்டியில் எல்லோரும் ஒருவர் மேல் ஒருவர் விழுந்தபோது யாருடைய முழங்காலோ இவன் நெற்றிப்பொட்டில் இடித்து, மண்டையோடு உள்பக்கம் அமுங்கிவிட்டது. உள்ளே ரத்தக்கசிவு. ஆபரேஷன் செய்து தகடு வைத்தார்கள். வீட்டுக்கு வந்து இரண்டு மாதம் கழித்து ஒரு தடவை வலிப்பு வந்தது. லெவெடிராசெடம் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். இனி வாழ்நாளில் கபடி கூடாது என்று ஒரே வரியில் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

அதற்குப் பிறகு அவன் அவனாக இல்லை. எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறான். இல்லாவிட்டால் தன் பழைய மேட்ச் வீடியோக்களைப் போட்டுப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறான். “ஆம்பளப் புள்ள எத்தன நாளைக்குச் சுவத்தப் பாத்துக்கிட்டு கெடப்பான்” என்கிறார் அப்பா.

தோழி ஒருத்தி சொன்னாள் என்று ‘தி ரைடர்’ படத்தை அவனோடு உட்கார்ந்து பார்த்தேன். ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன். குதிரையைச் சுடும் இடத்தில் “அதான் நியாயம்” என்றான். படம் முடிந்ததும் போனில் தேடி, அதில் நடித்தவர் நிஜமாகவே அடிபட்டவர், டாக்டர்கள் தடுத்தும் மறுபடி குதிரை ஏறியவர் என்று கண்டுபிடித்துவிட்டான். இப்போது நான் என்ன சொன்னாலும் “அவன் மறுபடியும் ஏறினான்ல” என்கிறான். நண்பர்கள் பொங்கல் போட்டிக்குக் கூப்பிடுகிறார்கள். மாத்திரையையும் அவ்வப்போது விட்டுவிடுகிறான். படத்தைக் காட்டியது என் தப்பா? அவனுக்கு நான் என்ன பதில் சொல்வது?

— பெயர் வேண்டாம், ஒரு அக்கா

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கபடியைப் பற்றி அப்புறம் பேசலாம். முதலில் அந்தக் குதிரை.

படம் பார்க்காத வாசகர்களுக்காக இரண்டு வரி. அமெரிக்காவில் தெற்கு டகோட்டா மாநிலத்தில் பைன் ரிட்ஜ் என்று லகோட்டா பழங்குடி மக்களுக்கு ஒதுக்கப்பட்ட நிலப்பகுதி இருக்கிறது. அந்த ஊர்ப் பையன் பிராடி பிளாக்பர்ன். ரோடியோ போட்டிகளில் அடங்காத குதிரை மேல் ஏறுகிறவன். விழுந்து, குதிரை தலையில் மிதித்து, மண்டையோடு உடைந்து, தகடு வைத்துக்கொண்டு வீடு திரும்புகிறான். இனி ஏறக் கூடாது. க்ளோயி ஜாவோ இயக்கிய இந்தப் படம் 2017-இல் கான் விழாவில் முதன்முதலாகத் திரையிடப்பட்டது.

அதில் பிராடியின் அப்பா அவனுக்கு அப்போலோ என்ற குதிரையை வாங்கித் தருகிறார். யாருக்கும் அடங்காத அந்தக் குதிரையை அவன் பழக்குகிறான். ஒரு நாள் அது கம்பிவேலியில் சிக்கிக் காலைக் கிழித்துக்கொள்கிறது. அந்த ஊர் வழக்கப்படி, இனி நடக்க முடியாத குதிரையை வலியில் விடமாட்டார்கள். பிராடியால் சுட முடியவில்லை, அப்பாதான் சுடுகிறார். பிறகு பிராடி தன் தங்கையிடம் சொல்கிறான்: எனக்குப் பட்ட மாதிரி அடி ஒரு விலங்குக்குப் பட்டிருந்தால் அதைக் கொன்றிருப்பார்கள், நான் மனிதன் என்பதால் உயிரோடு இருந்தாக வேண்டியிருக்கிறது.

உங்கள் தம்பி “அதான் நியாயம்” என்று சொன்னது குதிரையைப் பற்றி மட்டும் இல்லாமல் இருக்கலாம். சும்மா சொன்னதாகவும் இருக்கலாம். எது என்று எனக்கோ உங்களுக்கோ தெரியாது, அவரைக் கேட்டால்தான் தெரியும். ஆகவே கேளுங்கள், நேராகவே. “அன்னிக்கு அந்தக் குதிரையைப் பாத்து அப்படிச் சொன்னியே, நீ செத்துப்போயிடலாம்னு நெனைக்கிறியா?” இதே வார்த்தைகளில் கேட்கலாம். கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே மனதில் போட்டுவிடுவோமோ என்று வீடுகளில் பயப்படுவார்கள். அப்படி ஆவதில்லை. யாராவது கேட்கமாட்டார்களா என்று காத்திருந்தவர்கள்தான் என் அனுபவத்தில் அதிகம். ஆமாம் என்றாலோ, பதில் சொல்லாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாலோ, அன்றைக்கே மனநல மருத்துவரிடம் கூட்டிப்போங்கள், அதுவரை தனியாக விடாதீர்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்கு (அரசின் மனநல உதவி எண்) எந்த நேரத்திலும் கூப்பிடலாம், தமிழில் பேசுவார்கள், கட்டணம் கிடையாது. உங்கள் வீட்டில் வயல் வேலை உண்டா என்று எழுதவில்லை. பூச்சிமருந்து டப்பா இருந்தால் இன்றே வீட்டை விட்டு வெளியேற்றுங்கள். மாத்திரை அட்டைகள் மொத்தமும் உங்கள் பொறுப்பில் இருக்கட்டும்.

சரி, இப்போது அவர் போனில் தேடிக் கண்டுபிடித்த விஷயம்.

அவர் சொல்வது உண்மை. மறைத்துப் பயனில்லை. பிராடியாக நடித்தவர் பிராடி ஜான்ட்ரோ, லகோட்டா இனத்தைச் சேர்ந்த நிஜக் குதிரைக்காரர். 2016 ஏப்ரலில் வடக்கு டகோட்டாவின் ஃபார்கோ நகரில் நடந்த ரோடியோவில் குதிரை அவர் தலையை மிதித்தது. மண்டையோடு நொறுங்கியது, மூளையில் ரத்தக்கசிவு, சில நாள் கோமா, அப்புறம் தகடு. மருத்துவர்கள் பேச்சைக் கேட்காமல் ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பிப்போனார். சில வாரங்களில் மறுபடி குதிரை மேல் இருந்தார். அதே ஆண்டில் படப்பிடிப்பும் தொடங்கிவிட்டது. படத்தில் அப்பாவாக வருபவர் அவருடைய அப்பா, தங்கையாக வரும் லில்லி அவருடைய தங்கை. குதிரை பழக்கும் காட்சிகளில் நடிப்பே கிடையாது, நிஜமாகவே பழக்குகிறார்.

எல்லாமே அப்படியே நடந்ததா என்றால், இல்லை. படுக்கையில் கிடக்கும் நண்பன் லேன் ஸ்காட்டை நினைத்துப் பாருங்கள். காளை மேல் ஏறுவதில் பெரிய ஆளாக வந்துகொண்டிருந்தவர், இப்போது வாய் பேச முடியாமல் விரலால் எழுத்து எழுத்தாகக் காட்டிப் பேசுகிறார். படத்தில் காளையிலிருந்து விழுந்து அப்படி ஆனதாக வரும். நிஜத்தில் அது கார் விபத்து. இதை ஏன் சொல்கிறேன் என்றால், ‘நிஜக்கதை’ என்ற வார்த்தையை உங்கள் தம்பி முழுதாக விழுங்கியிருக்கிறார். எதை வைத்துக்கொள்வது, எதை மாற்றுவது என்று தீர்மானிக்க அங்கேயும் ஒரு இயக்குநர் இருந்தார்.

ஆனால் முக்கியமான விஷயம் அதுவல்ல. ‘மறுபடியும் ஏறினான்’ என்றால் எதன் மேல் ஏறினான்?

ரோடியோவில் அவன் செய்தது என்ன என்று பாருங்கள். சேணம் போட்ட முரட்டுக் குதிரை. ஒரு கையால் மட்டும் கயிற்றைப் பிடிக்கலாம். மற்றக் கை குதிரையிலோ தன் உடம்பிலோ பட்டால் அவுட். எட்டு நொடி தாங்க வேண்டும். தாங்கினால் நடுவர்கள் மதிப்பெண் போடுவார்கள், நூற்றுக்கு இவ்வளவு என்று. சம்பளம் கிடையாது, நுழைவுக் கட்டணத்தை ஏறுகிறவனே கட்ட வேண்டும், ஜெயித்தால் காசு. இது ஒன்று. பழக்காத குதிரைக்குப் பக்கத்தில் போய், மூச்சைக் கேட்டு, கழுத்தில் கைவைத்து, கொஞ்சம் கொஞ்சமாக எடையைச் சாய்த்து, அது தன்னை ஏற்றுக்கொள்ளும்வரை பொறுப்பது இன்னொன்று. பார்க்கிறவனுக்கு இரண்டும் ‘குதிரை ஏறுவது’தான். ஜான்ட்ரோ திரும்பிப்போனது இரண்டாவதற்கு. குதிரை பழக்குவதையே வேலையாக வைத்துக்கொண்டார். படத்திலும் முடிவு அப்படித்தானே? போட்டிக்குப் பெயர் கொடுத்து, திடல் வரை போய், ஏறப்போகிற நேரத்தில் வேலிக்கு அந்தப் பக்கம் அப்பாவும் லில்லியும் நிற்பதைப் பார்க்கிறான். திரும்பி நடந்துவிடுகிறான். உங்கள் தம்பி அந்த இடத்தில் போனை எடுத்துவிட்டாரோ என்னவோ.

எனக்கு இதில் கொஞ்சம் நேர்மையாகவும் இருக்க வேண்டியிருக்கிறது. குதிரை பழக்குவதே ஒன்றும் பத்திரமான வேலை கிடையாது. சில வாரங்களில் ஜான்ட்ரோ குதிரை ஏறியதை எந்த மருத்துவரும் சரி என்று சொல்லமாட்டார், நானும் சொல்லமாட்டேன். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை, நல்லது. அதே மாதிரி செய்து ஏதாவது ஆகிப்போனவர்களை வைத்துப் படம் எடுக்க முடியாது. அவர்களை எங்கள் மாதிரி ஆட்கள் வார்டில்தான் பார்க்கிறோம்.

அப்புறம் தகடு. நீங்கள் எழுதவில்லை, ஆனால் இளைஞர்கள் எல்லோரும் என்னிடம் சொல்வார்கள், உங்கள் தம்பியும் சொல்லியிருப்பார்: “டைட்டானியம் சார், எலும்பவிட ஸ்ட்ராங்கு.” இருக்கட்டும். தகடு மண்டையோட்டில் இருந்த பள்ளத்தை மூடுகிறது, அவ்வளவுதான் அதன் வேலை. தலை வேகமாகத் திரும்பி நிற்கும்போது உள்ளே மூளை குலுங்குவதைத் தகடு தடுக்காது. சொம்பு எவ்வளவு கெட்டியாக இருந்தாலும் ஆட்டினால் உள்ளே தண்ணீர் அலம்பத்தான் செய்யும். ஏற்கெனவே காயம்பட்டு ஆறிவரும் மூளைக்கு இரண்டாவது அடி, முதல் அடியைவிடச் சிறியதாக இருந்தாலும், விளைவு பெரிதாக இருக்கலாம். கபடியில் தலை மோதாத ஆட்டம் என்று ஒன்று இருக்கிறதா? பின்னாலிருந்து இடுப்பைப் பிடித்து இழுத்தாலே தலை எந்தப் பக்கம் போய் எதில் இடிக்கும் என்று யாரும் சொல்ல முடியாது. உங்கள் தம்பிக்கு அது என்னைவிட நன்றாகத் தெரியும்.

வலிப்பைப் பற்றி வீட்டில் யாரும் விளக்கமாகச் சொல்லவில்லை என்று உங்கள் கடிதத்திலிருந்து தெரிகிறது. தலையில் அடிபட்ட முதல் வாரத்துக்குள் வலிப்பு வருவது ஒரு வகை. அது பெரும்பாலும் அப்போதைய வீக்கம், ரத்தக்கசிவு காரணமாக வருவது. மாதங்கள் கழித்து வருவது வேறு. மூளையில் ஆறிய தழும்பே மின்கோளாறுக்கு ஊற்றாகிவிட்டது என்று அதற்கு அர்த்தம். ஒரு முறை வந்தால் மறுபடி வரும் வாய்ப்பு அதிகம், அதனால்தான் மாத்திரை. தெற்கு டகோட்டாவுக்குப் பக்கத்து மாநிலமான மினசோட்டாவில் தலையில் காயம்பட்ட 4,500-க்கும் மேற்பட்டவர்களைப் பல்லாண்டுகள் கவனித்து 1998-இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். கடுமையான காயம் பட்டவர்களில் ஏறத்தாழ ஆறில் ஒருவருக்கு 30 ஆண்டுகளுக்குள் எப்போதாவது வலிப்பு வந்திருந்தது. அந்த ஆறில் ஒருவராக உங்கள் தம்பி ஏற்கெனவே ஆகிவிட்டார்.

படத்தில் இது வேறு உருவத்தில் வருகிறது. பிராடி கயிற்றைப் பிடித்தால் சில நேரம் விரல்கள் மூடிக்கொண்டு திறப்பதில்லை. மற்றக் கையால் ஒவ்வொரு விரலாகப் பிரித்தெடுக்கிறான். வலிப்பு என்றாலே கீழே விழுந்து கை கால் இழுத்து நுரை தள்ளுவது என்றுதான் நாம் நினைக்கிறோம். மூளையின் ஒரு மூலையில் மட்டும் கிளம்பினால் ஒரு கையோடு, ஒரு வாய்க்கோணலோடு, சில நொடி வெறித்த பார்வையோடு முடிந்துவிடும். ஒற்றைக் கைப்பிடியை நம்பிய ஆட்டக்காரனுக்கு விடாத கை எவ்வளவு ஆபத்து என்று யோசித்துப் பாருங்கள். கை கயிற்றில் சிக்கிக் குதிரையோடு இழுபடுவதுதான் ரோடியோக்காரர்களின் பெரிய பயம். தம்பிக்கு இப்படி ஏதாவது சின்னச் சின்னதாக வருகிறதா என்று கவனியுங்கள். பேசிக்கொண்டிருக்கும்போது நடுவில் நின்றுபோகிறாரா, கையில் இருந்ததைக் காரணமில்லாமல் போடுகிறாரா? தேதி போட்டு எழுதிவையுங்கள், முடிந்தால் போனில் படம் பிடியுங்கள். நரம்பியல் மருத்துவருக்கு அது ஸ்கேன் அளவுக்கு உதவும். பெரிய வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்கவைத்து, சுற்றிலும் இடிக்கிற பொருள்களை நகர்த்துங்கள். வாயில் ஒன்றும் திணிக்க வேண்டாம். கையில் சாவிக்கொத்து கொடுக்க யாராவது ஓடிவருவார்கள், அவர்களை 108-க்குப் போன் பண்ணச் சொல்லுங்கள், அந்த வேலையாவது நடக்கும். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் காத்திருக்கவே கூடாது. பைக் ஓட்டுவது, கிணற்றில் குளிப்பது, உயரத்தில் ஏறுவது எல்லாம் இப்போதைக்கு நிறுத்தம். எவ்வளவு நாளைக்கு என்பதை அவருடைய மருத்துவர் சொல்லட்டும்.

மாத்திரையை ஏன் விடுகிறார் என்று கேட்டீர்களா? சோம்பேறித்தனம் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். லெவெடிராசெடம் நல்ல மருந்துதான், நானும் நிறையப் பேர் சாப்பிடப் பார்க்கிறேன். ஆனால் சிலருக்கு அது தூக்கத்தைத் தரும், சிலருக்கு எரிச்சலையும் கோபத்தையும் மனச்சோர்வையும் கிளப்பிவிடும். தெரிந்த பக்கவிளைவுதான். ‘எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறான்’ என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு முதலில் தோன்றியது மருந்துதான். நெற்றிப்பக்க மூளையில் பட்ட அடியாலும் அதே எரிச்சல் வரும். கபடி போன துக்கத்தாலும் வரும். மூன்றும் கலந்திருக்கலாம். எது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்காமல் எல்லாவற்றையும் ‘அவனுக்கு மனசு சரியில்லை’ என்ற ஒரே பையில் போட்டுவிட்டால், மாற்றக்கூடியதைக்கூட மாற்றாமல் விட்டுவிடுவோம். மருத்துவரிடம் இந்த அறிகுறிகளைச் சொன்னால் அளவையோ மருந்தையோ மாற்றிப் பார்ப்பார். ஆனால் தானாக நிறுத்துவது கூடவே கூடாது. விட்டு விட்டுச் சாப்பிட்டாலே வலிப்பு வந்துவிடும். ஏறக்குறைய மாதாமாதம் இப்படி ஒருவரையாவது பார்க்கிறேன்.

படத்தின் தொடக்கத்தில் பிராடி தலையில் தையலுக்குப் பதிலாகப் போட்ட ஸ்டேப்பிள்களைக் கத்தியால் தானே பிடுங்கி எடுப்பானே, அதைப் பார்த்தபோது நாற்காலியில் என்னால் உட்கார முடியவில்லை. எங்கள் வார்டில் யாராவது அப்படிச் செய்தால் நர்ஸ் கத்தியைப் பிடுங்கி அவர் கையிலேயே ஒன்று போடுவார். அது வீரம் என்று அவன் ஊரில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். வலியைப் பொறுத்துக்கொள், பல்லைக் கடி, ஆம்பளையாக இரு. இதைச் சொல்லி வளர்த்தவரே அப்பாதான். அந்த அப்பாவே இப்போது ஏறாதே என்கிறபோது பையனுக்கு வருவது குழப்பமும் கோபமும்தான். உங்கள் அப்பா அதே வசனத்தை நம் ஊர்த் தமிழில் சொல்கிறார். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. படத்து அப்பா வீட்டு வாடகைக்காக மகனின் குதிரை கஸ்ஸை விற்றவர், பிறகு அப்போலோவை வாங்கி வந்தவரும் அவரேதான். என்ன செய்வது என்று தெரியாத அப்பாக்கள் இப்படி இரண்டு பக்கமும் இழுப்பார்கள். அவரிடம் ஒன்றே ஒன்று சொல்லுங்கள்: ‘ஆம்பளப் புள்ள’ என்ற வார்த்தையைக் கொஞ்ச நாளைக்கு எடுக்க வேண்டாம். அது தம்பியின் காதில் ‘போய் ஆடு’ என்றுதான் விழும்.

நண்பர்கள் விஷயத்தில் நான் கறாராக இருப்பேன். படத்தில் தீ மூட்டி உட்கார்ந்து பிராடியின் நண்பர்கள் தங்களுக்குப் பட்ட அடிகளைப் பெருமையாகப் பேசிக்கொள்ளும் இரவு ஒன்று வருகிறது. அன்பான பையன்கள்தான். அந்த அன்புதான் ஆபத்து. ‘சும்மா சப்ஸ்டிட்யூட்டா நில்லு மச்சி, ஒரே ஒரு ரெய்டு’ என்பார்கள். கேப்டனைக் கூப்பிட்டு, அவருக்கு வலிப்பு வந்த விஷயத்தை நேராகச் சொல்லுங்கள். தம்பிக்குத் தெரிந்தே சொல்லுங்கள், முதுகுக்குப் பின்னால் வேண்டாம். பெரும்பாலும் நண்பர்களுக்கு ஆபரேஷன் தெரியும், வலிப்பு தெரியாது. வீட்டில் மறைத்திருப்பார்கள், கல்யாணம் கட்டுவதற்கு இடைஞ்சல் என்று. ஆட்டத்தின் நடுவில் அவர் விழுந்தால் என்ன செய்வது என்று தெரியாத பதிமூன்று பேரோடு அவரைத் திடலில் விட முடியாது.

இனி, கபடி.

‘வாழ்நாளில் கூடாது’ என்று ஒரே வரியில் சொல்லி அனுப்பினார்கள் என்று எழுதியிருந்தீர்கள். சொன்னது சரி, நானும் அதையேதான் சொல்வேன். ஆனால் எட்டு வருடமாக ஒரு மனிதன் எதைக் கொண்டு காலையில் எழுந்தானோ அதை ஒரு வரியில் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் வைக்க ஒன்றையும் தராமல் அனுப்பினால், அவர் வீடியோ பார்த்துக்கொண்டு படுத்திருப்பதில் ஆச்சரியமில்லை. பிராடியும் ரோடியோ வீடியோக்களைப் பார்க்கிறான். லேனோடு உட்கார்ந்து லேனின் பழைய வீடியோக்களையும் பார்க்கிறான். அதைப் பிடுங்காதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள்.

அந்த வீடியோக்களில் அவர் எதைப் பார்க்கிறார் என்று கவனித்தீர்களா? கைதட்டலையா, தன் காலையா, எதிராளி எந்தக் காலில் எடை போட்டு நிற்கிறான் என்பதையா? கடைசியாகச் சொன்னதை ஆட்டம் தெரியாத ஆள் பார்க்க முடியாது. பிராடிக்குக் குதிரையின் காதைப் பார்த்தால் அடுத்து அது என்ன செய்யும் என்று தெரிகிற மாதிரி அது. மண்டையில் பட்ட அடி அந்த அறிவைத் தொடவில்லை என்றால் (தொட்டிருக்கிறதா என்று ஒரு நரம்பியல் உளவியலாளர் சோதித்துச் சொல்ல முடியும், அந்தச் சோதனையை அவசியம் செய்யுங்கள்), அவரிடம் இன்னும் நிறைய இருக்கிறது. பயிற்சியாளராக விரும்பினால் பாட்டியாலாவில் உள்ள தேசிய விளையாட்டு நிறுவனத்தின் பயிற்சியாளர் பட்டயப் படிப்பில் கபடியும் உண்டு. நடுவர் தேர்வு எழுதலாம். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் கோட்டுக்கு வெளியே நின்று சொல்லிக்கொடுக்கலாம். ஆனால் செய்துகாட்டுகிறேன் என்று உள்ளே இறங்கிவிடுவார், அதற்கு ஒரு ஆள் பக்கத்தில் வேண்டும்.

இதையெல்லாம் இன்றைக்கே அவரிடம் சொல்லாதீர்கள். ‘ஆட முடியாதா, கோச் ஆகிடு’ என்று எட்டாவது மாதத்தில் சொல்வது, துக்க வீட்டில் அடுத்த சம்பந்தம் பேசுவது மாதிரி. எனக்குப் பிடித்த காட்சி, பிராடி சூப்பர் மார்க்கெட்டில் அலமாரி அடுக்குகிற காட்சி. அந்த வேலையைப் படம் கேவலப்படுத்தவும் இல்லை, உயர்த்திக் காட்டவும் இல்லை. வீட்டுக்குக் காசு வேண்டும், போகிறான். உங்கள் தம்பிக்கும் இப்போதைக்கு அப்படி ஒன்று போதும். காலையில் சட்டை மாட்டிக்கொண்டு போக ஒரு இடம். ஒரு நாளைக்கு நான்கு மணி நேரம் போதும், காயத்துக்குப் பிறகு மூளை சீக்கிரம் களைத்துவிடும். அதை வீட்டில் சோம்பல் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

போலீஸ் வேலை பற்றி ஒரு வார்த்தை. வலிப்பு நோய் இருப்பவருக்கு அந்தக் கதவு திறப்பது மிகவும் கடினம். பொய் நம்பிக்கை தர விரும்பவில்லை. அவருக்கும் இது உள்ளுக்குள் தெரிந்திருக்கும். வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லாததால் அவரும் சொல்லாமல் இருக்கலாம்.

படத்தைக் காட்டியது தப்பா என்று கேட்டீர்கள். தப்பில்லை. எட்டு மாதமாக வாய் திறக்காதவர் ஒரு குதிரையைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறார். அது பயமுறுத்தும் வார்த்தையாக இருந்தாலும் வெளியே வந்துவிட்டது, உங்கள் காதில் விழுந்துவிட்டது. லில்லியை மறுபடி நினைத்துப் பாருங்கள். ஆட்டிசம் உள்ள பெண், பதினைந்து வயது. அண்ணனிடம் ஏறாதே என்று அவள் வாதம் பண்ணுவதில்லை. பாட்டுப் பாடுகிறாள், ஸ்டிக்கர் ஒட்டுகிறாள், பக்கத்தில் படுத்துக்கொள்கிறாள். வேலிக்கு அந்தப் பக்கம் போய் நிற்கிறாள். நீங்கள் எட்டு மாதமாக வாதம் பண்ணிக்கொண்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். கொஞ்சம் ஓய்வெடுங்கள். “அவன் மறுபடியும் ஏறினான்ல” என்று அடுத்த தடவை சொன்னால், “ஆமா, ஏறினான். எதுமேல ஏறினான்?” என்று மட்டும் கேட்டுவிட்டு டீ போடப் போய்விடுங்கள்.

டிஸ்சார்ஜ் சம்மரி, கடைசியாக எடுத்த ஸ்கேன், மாத்திரைச் சீட்டு மூன்றையும் ஒரு கவரில் போட்டு, இந்த வாரமே அவருடைய நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். பொங்கலுக்கு முன்பு பார்த்தாக வேண்டும்.

இன்னொன்று. இவ்வளவு எழுதியும் அவர் டீமில் எந்த இடத்தில் ஆடுகிறவர், ரெய்டரா, கார்னரா, கவரா என்று நீங்கள் எங்கேயும் சொல்லவில்லை. உங்களுக்கே தெரியாதோ என்று எனக்கு ஒரு சந்தேகம். அவரிடம் கேட்டு எனக்கு எழுதுங்கள். அவரே எழுதினால் இன்னும் நல்லது, பதில் போடுகிறேன்.